பழைய காருக்கு ஜாதகம் எழுதுவது: புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் வாங்குகிறவர்களுக்கு

“எஃப்.சி. 2033 வரைக்கும் இருக்கு சார், கண்ணை மூடிட்டு எடுக்கலாம்.” பழைய கார் பார்க்கப் போகிற யாரும் இந்த வசனத்தைக் கேட்காமல் திரும்ப முடியாது. எஃப்.சி. என்றால் ஃபிட்னஸ் சர்டிஃபிகேட், வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று. ஓன் போர்டு, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிவான காருக்கு இதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. ஆர்.சி.யில் ஃபிட்னஸ் என்று அச்சாகியிருக்கும் தேதி, பதிவான நாளோடு 15 வருடத்தைக் கூட்டினால் வருவது, அவ்வளவுதான். அந்தப் பதினைந்து வருடத்தில் ஒரு பிரேக் இன்ஸ்பெக்டரும் அந்தக் காரின் பானெட்டைத் திறந்து பார்த்திருக்க வேண்டிய கட்டாயம் கிடையாது.

இங்கிலாந்தில் மூன்று வருடம் தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் எம்.ஓ.டி. என்ற சோதனை உண்டு. அரசுத் தளத்தில் நம்பரைப் போட்டால் ஒவ்வொரு சோதனையிலும் பாஸா ஃபெயிலா, அன்றைக்கு எத்தனை மைல் ஓடியிருந்தது என்பது வரை வந்துவிடும். நம் ஊரில் அப்படி ஒரே இடம் இல்லை. ஆனால் தகவலே இல்லை என்றும் சொல்ல முடியாது. புகைச் சான்று, சர்வீஸ் ஜாப் கார்டு (செய்த வேலையை எழுதிய தாள்), இன்ஷூரன்ஸ் பாலிசி, விபத்துச் சேதத்தை மதிப்பிட்ட சர்வேயர் ரிப்போர்ட், சலான் என்று வேறு வேறு காரியங்களுக்காக எழுதப்பட்ட காகிதங்களில் அது சிதறிக் கிடக்கிறது. அவற்றை வரிசையாக ஒரு தாளில் தேதி போட்டு எழுதினால் காரின் ஜாதகம் கிடைத்துவிடும். வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். பெயிண்ட் பளபளப்பைப் பார்த்து மனசு சாய்ந்த பிறகு காகிதத்தில் இருக்கும் ஓட்டை கண்ணுக்குத் தெரியாது.

நம்பர் மட்டும் கையில் இருக்கும்போது

போனிலேயே வண்டி நம்பரைக் கேட்டு வாங்குங்கள். மத்திய அரசின் எம்-பரிவாகன் செயலியில் போட்டால் பதிவு தேதி, வண்டியின் வகுப்பு, எரிபொருள், பாரத் ஸ்டேஜ் (பி.எஸ். என்ற புகை விதியின் நிலை), இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, ஃபைனான்ஸ் விவரம், பிளாக்லிஸ்ட் இருக்கிறதா என்பதெல்லாம் வரும். உரிமையாளர் பெயர் பாதி மறைந்திருக்கும். எத்தனையாவது ஓனர் என்ற எண்தான் முக்கியம். விளம்பரத்தில் “சிங்கிள் ஓனர்” என்று போட்டுவிட்டு இங்கே 3 என்று இருந்தால், மற்ற பேச்சையும் அந்தத் தராசிலேயே நிறுத்துங்கள்.

உற்பத்தியான மாதத்தையும் பதிவு தேதியையும் ஒப்பிடுங்கள். இடையில் எட்டு, பத்து மாதம் இருந்தால் அது ஸ்டாக்யார்டில் நின்ற வண்டி. விலையை உற்பத்தி வருடத்தை வைத்துப் பேச வேண்டும், பதிவு வருடத்தை வைத்து அல்ல.

இன்ஷூரன்ஸ் தேதியில் ஒரு சூட்சுமம் உண்டு. 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று வருட தேர்ட் பார்ட்டி பாலிசி கட்டாயம். ஆகவே தளத்தில் இன்ஷூரன்ஸ் உயிரோடு இருப்பதாகக் காட்டினாலும் அது வெறும் தேர்ட் பார்ட்டியாக இருக்கலாம். வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பாலிசி என்றைக்கோ செத்துப்போயிருக்கலாம்.

சலானைத் தனியாகப் பாருங்கள். இ-சலான் தளத்தில் வண்டி நம்பரோடு சேஸிஸ் அல்லது எஞ்சின் எண்ணின் கடைசி இலக்கங்களைக் கேட்கும். பணம் கட்டாமல் பழுத்துப்போன சலான்கள் விர்ச்சுவல் கோர்ட் தளத்துக்குப் போயிருக்கும், அங்கேயும் ஒரு முறை தேட வேண்டும். அபராதத் தொகை சின்னது என்றாலும் சலான் நடந்த இடத்தையும் நேரத்தையும் கவனியுங்கள். புதுச்சேரியை விட்டுத் தாண்டியதே இல்லை என்று சொல்லப்படும் காருக்கு மாதா மாதம் பெங்களூரு பக்கம் ஓவர்ஸ்பீட் சலான் இருந்தால் கிலோமீட்டர் கணக்கு இடிக்கும்.

திருட்டு வண்டிச் சந்தேகம் தீர, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் பதிவு எண், சேஸிஸ் எண், எஞ்சின் எண் மூன்றையும் கொடுத்து அறிக்கை எடுக்கலாம். எண்களை ஆர்.சி.யிலிருந்து எழுதாமல் வண்டியில் குத்தியிருப்பதைப் பார்த்து எழுதுங்கள். சேஸிஸ் எண் 17 எழுத்து. அதில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வராது. குத்தியிருக்கும் இடத்தில் தேய்த்த தடமோ, சுற்றி மட்டும் புதுப் பெயிண்டோ இருந்தால் அட்வான்ஸ் கொடுக்காமல் கிளம்பிவிடலாம்.

டி போர்டிலிருந்து ஓன் போர்டுக்கு வந்தவை

அரசு சோதனைச் சரித்திரம் நிஜமாகவே இருப்பது டாக்ஸியாக ஓடிய வண்டிகளுக்குத்தான். புதிதாகப் பதிவாகும்போது இரண்டு வருட எஃப்.சி., எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் ஆண்டுதோறும். ஆனால் ஓன் போர்டாக மாற்றிய பிறகு விற்பவர் அந்தப் பழைய எஃப்.சி. காகிதங்களைக் காட்டவே மாட்டார். கேட்டு வாங்குங்கள். எஃப்.சி. காலாவதியாகி நடுவில் ஐந்தாறு மாத இடைவெளி இருந்தால் வண்டி பெரிய வேலைக்காக நின்றிருக்கலாம்.

காகிதம் இல்லாவிட்டாலும் உடம்பில் தடயம் இருக்கும். நம்பர் பிளேட்டைக் கழற்றினால் பின்னால் பழைய மஞ்சள் பிளேட்டின் ஸ்க்ரூ ஓட்டை. ஆக்சிலரேட்டர் பக்கம் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்காக வெட்டி ஒட்டிய ஒயர். மேலே கேரியர் மாட்டிய அடையாளம். எனக்கு இவை எல்லாவற்றையும் விட நம்பிக்கையானது பின்பக்க இடது கதவு. சவாரி ஏறி இறங்குவது அந்தப் பக்கம்தான். அதன் கைப்பிடி, ஹிஞ்ச், சீட்டின் ஓரத் தையல் மூன்றும் வலது கதவை விட அதிகமாகத் தேய்ந்திருந்தால், ஆர்.சி. என்ன சொன்னாலும் அது வாடகைக்கு ஓடிய வண்டி.

சி.என்.ஜி. கிட் இருந்தால் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா பாருங்கள். சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஹைட்ரோ டெஸ்ட் என்ற அழுத்தச் சோதனை கட்டாயம். தேதி சிலிண்டரின் மேலோ தகட்டிலோ இருக்கும்.

புகைச் சான்றை வாசிப்பது

பெரும்பாலோர் புகைச் சான்றில் தேதியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் எண்கள்தான் சரக்கு. பி.எஸ்.-4, பி.எஸ்.-6 கார்களுக்கு ஒரு வருடம் செல்லும். பழைய கார்களுக்கு ஆறு மாதம். பி.எஸ்.-4, பி.எஸ்.-6 பெட்ரோல் காரில், ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம். என்பது வரம்பு. 2500 ஆர்.பி.எம். சுற்றில் கார்பன் மோனாக்சைடு 0.2, லாம்டா (காற்று, பெட்ரோல் கலவையின் அளவு) 0.97 முதல் 1.03-க்குள் இருக்க வேண்டும்.

கார்பன் மோனாக்சைடு வரம்பை ஒட்டி நின்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது: ஏர் ஃபில்டர் அடைப்பு, ஆக்சிஜன் சென்சார், இன்ஜெக்டர் ஒழுகல். ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறியிருந்தால் எரியாத பெட்ரோல் வெளியே வருகிறது, பிளக், காயில், வால்வு பக்கம் தேட வேண்டும். இரண்டும் சேர்ந்து வருடத்துக்கு வருடம் ஏறியிருந்தால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் களைத்துவிட்டது; அது விலை உயர்ந்த சாமான். லாம்டா 1.03-ஐத் தாண்டினால் சைலன்சரில் ஓட்டை வழியாக வெளிக்காற்று கலக்கிறதா பாருங்கள். கடலோர வண்டிகளில் இது அடிக்கடி.

பழைய சான்றுகளை முழுசாக நம்பவும் வேண்டாம். குழாயைப் பேருக்கு வைத்துவிட்டு எடுத்த அளவும் உண்டு. மூன்று வருடமும் அச்சு அசலாக ஒரே எண் இருந்தால் அளக்கவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பேரம் முடிவதற்கு முன், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, நீங்களே கூடப் போய் ஒரு புதுச் சான்று எடுங்கள். செலவு சொற்பம். டீசலில் ஆக்சிலரேட்டரை முழுசாக அழுத்தி விடும் சோதனைக்கு ஆபரேட்டர் தயங்கினால் அல்லது விற்பவர் தடுத்தால் ஏன் என்று கேளுங்கள். டைமிங் பெல்ட் மாற்ற வேண்டிய வயதில் இருக்கும் வண்டிக்கு அது அறுந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது, அதுவும் ஒரு தகவல்தான்.

கிலோமீட்டர் தாள்

புகைச் சான்றை நம்பிக் கிலோமீட்டரைத் தேட முடியாது. ஜாப் கார்டு, டயர் பில், பேட்டரி பில், அலைன்மென்ட் ரிப்போர்ட், பாலிசி காலாவதியாகி மறுபடி எடுக்கும்போது கம்பெனி எடுத்த படங்கள் இவைதான் வழி. கம்பெனி சர்வீஸ் என்றால் உரிமையாளரின் செயலியிலேயே சர்வீஸ் வரலாறு இருக்கும். ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம், உங்கள் எதிரில் திறக்கச் சொல்லுங்கள். செயலி இல்லையென்றால் உரிமையாளரைக் கூட்டிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனால் பிரிண்ட் எடுக்கலாம்.

உதாரணத்துக்கு ஒரு தாள் இப்படி வருகிறது என்று வையுங்கள். 2018 மார்ச் 9,900. 2019 ஏப்ரல் 24,300. 2020 பிப்ரவரி 38,700. 2021 ஜூலை 61,000. அதற்குப் பிறகு கம்பெனி சர்வீஸ் இல்லை. 2024 ஜனவரியில் டயர் பில், கிலோமீட்டர் எழுதவில்லை. இன்றைக்கு மீட்டரில் 68,000. எண் எங்கேயும் பின்னால் போகவில்லை, ஆனாலும் தாள் பேசுகிறது. வருடத்துக்குப் பதினைந்தாயிரம் ஓடிய டீசல் வண்டி திடீரென்று வருடத்துக்கு இரண்டாயிரமாகச் சுருங்க ஒரு காரணம் வேண்டும். கொரோனா என்று சொன்னால் அது ஒரு வருடத்துக்கு ஒப்புக்கொள்ளலாம். அதுவும் 68,000-இல் நாலு டயரும் இரண்டாவது செட் மாறியிருந்தால், கிளச் மாற்றிய பில் இருந்தால், மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும்: 3523 என்றால் 2023-ஆம் வருடம் 35-ஆவது வாரம். ஸ்டெப்னியின் எண்ணையும் படியுங்கள், அது பெரும்பாலும் ஆதி டயர்.

கண்ணாடிகளிலும் வருட அடையாளம் உண்டு. கதவுக் கண்ணாடிகள் எல்லாம் ஒரே வருடம், ஒன்று மட்டும் இரண்டு வருடம் பிந்தியது என்றால் அந்தக் கதவின் கதையைக் கேளுங்கள்.

இன்ஷூரன்ஸ் சொல்லும் விபத்து

பாலிசியில் நோ க்ளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி எழுதியிருக்கும் இடத்தைப் பாருங்கள். க்ளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரே ஓனர், ஏழு வருட வண்டி, போனஸ் 20 என்றால் கடைசி இரண்டு, மூன்று வருடத்துக்குள் ஏதோ நடந்திருக்கிறது. பூஜ்யமாக இருந்தால் அவசரப்பட்டு விபத்து என்று முடிவு கட்ட வேண்டாம்: பாலிசி 90 நாளுக்கு மேல் விட்டுப்போனாலும் போனஸ் போய்விடும், கை மாறினாலும் போனஸ் பழைய ஓனரோடு போய்விடும், அது காருக்குச் சொந்தமல்ல. எதிர்ப்பக்கமும் உண்டு: போனஸ் பாதுகாப்பு ஆட்-ஆன் எடுத்தவருக்கு க்ளெய்ம் செய்த பிறகும் 50 நிற்கும். ஆகவே கடைசி மூன்று பாலிசியும் வேண்டும்.

க்ளெய்ம் இருந்தால் சர்வேயர் ரிப்போர்ட்டையும் இறுதி பில்லையும் கேளுங்கள். பம்பர், ஃபெண்டர், ஹெட்லைட் என்றால் பரவாயில்லை. ரேடியேட்டர் சப்போர்ட், ஏப்ரன், பில்லர் போன்ற உடற்கூட்டுப் பாகங்களோ ஏர்பேக்கோ பட்டியலில் வந்தால் விலையைப் பேசுவதை நிறுத்திவிட்டு வண்டியை லிஃப்டில் ஏற்றுங்கள். பழுதுச் செலவு பாலிசியில் இருக்கும் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் கம்பெனி அதை டோட்டல் லாஸ் என்று முடிக்கும். அந்த எலும்புக்கூடு ஏலத்தில் போய், டிங்கரிங் ஷெட்டில் உயிர் பெற்று, வேறு மாவட்டத்தில் விற்பனைக்கு வருவதும் நடக்கிறது.

நம் பக்கத்து வியாதி: வெள்ளமும் உப்பும்

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 48 செ.மீ.-க்கு மேல் கொட்டியது. இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்ப் பக்கத்தை முக்கியது. 2015 நவம்பரில் குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி சுற்று வட்டாரம். சென்னையில் 2015 டிசம்பர், 2023 டிசம்பர். இந்தத் தேதிகளை உங்கள் தாளில் சிவப்பு மையில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் டோ செய்த பில், ஜாப் கார்டில் இன்டீரியர் க்ளீனிங், ஒயரிங் ஹார்னஸ், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், எல்லா ஆயிலும் மாற்றம் என்று வந்தால் வண்டி குளித்திருக்கிறது. சென்னை நம்பர் வண்டி 2024 தொடக்கத்தில் கை மாறி இங்கே வந்திருந்தால் கூடுதல் கவனம்.

வாட்டர் சர்வீஸ் செய்து வாசனைத் திரவம் அடித்துவிட்டால் மூக்கு ஏமாறும். கை போகாத இடங்களைப் பாருங்கள். முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வழக்கமாகச் சுருண்டே இருக்கும் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு இருக்கும், அதை யாரும் கழுவுவதில்லை. சீட் தண்டவாளத்தின் போல்ட் துருவா? போல்ட் தலையில் ஸ்பானர் பட்ட தடம் இருந்தால் சீட்டைக் கழற்றி கார்ப்பெட்டைக் காயவைத்திருக்கிறார்கள். டேஷ்போர்டுக்கு அடியில் பெயிண்ட் அடிக்காத இரும்பு பிராக்கெட்டுகளை டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே தண்ணீர் வராத காரில் அவை மங்கியிருக்கும், துருப்பிடித்திருக்காது. ஸ்டெப்னிக் குழியின் ரப்பர் அடைப்பான் சுற்றிலும் மெல்லிய மண். ஹெட்லைட்டுக்குள் கிடைமட்டமாக ஒரு மங்கல் கோடு.

வெள்ளத்தில் மோசமானது அன்றைக்கு நிற்பது அல்ல, எட்டு மாதம் கழித்து நிற்பது. ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட் பல கார்களில் கியர் லீவருக்கு முன்னால் தரையிலேயே போல்ட் போட்டிருக்கும். தண்ணீர் கணுக்கால் உயரம் வந்தாலே அது நனையும். கனெக்டர் பின்கள் பச்சைப் பூத்து, மெல்ல மெல்லத் தொடர்பு விடும். சாவியைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள் அல்லது வேறு விளக்கோடு ஜோடி போட்டிருக்கிறார்கள்.

உப்பு வேறு மாதிரி. தேவனாம்பட்டினம், கடலூர் ஓ.டி., வீராம்பட்டினம் பக்கம் தெருவில் நிற்கும் வண்டிக்குக் கதவின் கீழ் மடிப்பு, டிக்கி கதவின் ஓரம், பின் சக்கர வளைவு, பிரேக் பைப் இணைப்பு, சைலன்சர் ஃபிளாஞ்ச் ஆகியவை முதலில் போகும். ஏ.சி. கண்டென்சரின் தகடுகளை நகத்தால் லேசாகத் தொட்டால் பொடியாக உதிர்ந்தால் அந்தக் கோடைக்கே மாற்ற வேண்டியிருக்கும். அடிப்பாகத்தில் புதிதாகக் கறுப்பு கோட்டிங் பளிச்சென்று இருந்தால் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், துருவுக்கு மேல் பூசியது மொத்தென்று கேட்கும்.

ஸ்கேனரில் ஒரு நிமிடம்

2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் ஓ.பி.டி.-2 சாக்கெட் இருக்கும்; காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளை இதில் ஸ்கேனர் மாட்டிப் படிக்கலாம். சாதாரண ப்ளூடூத் அடாப்டரே போதும். “எர்ரர் கோட் இல்லை” என்பதில் திருப்திப்பட வேண்டாம். கோட்களை அழித்த பிறகு ஓடிய தூரம் என்று ஒரு வரி இருக்கும், அது 14 கி.மீ. என்றால் காலையில்தான் அழித்திருக்கிறார்கள். ரெடினஸ் மானிட்டர்களில் (வண்டி தன்னையே சோதித்துக்கொண்டதன் பட்டியல்) கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார் “முடியவில்லை” என்று காட்டினாலும் அதே அர்த்தம். பேட்டரி மாற்றினாலும் இப்படி வரும், ஆகவே பேட்டரி பில்லின் தேதியைப் பாருங்கள். பில் இல்லையென்றால் நூறு நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி ஸ்கேன் செய்யலாம் என்று சொல்லுங்கள். ஏர்பேக், ஏ.பி.எஸ். கோட்களை இந்தச் சின்ன அடாப்டர் பெரும்பாலும் படிக்காது. அதற்கு சர்வீஸ் சென்டர் ஸ்கேனர் வேண்டும்.

பி.ஒய். நம்பரைக் கடலூருக்குக் கொண்டுவருவது

பி.ஒய்.-01 வண்டி டி.என்.-31 வண்டியை விட மலிவாகத் தெரிவதன் ரகசியம் பாதி வரியில் இருக்கிறது. தமிழ்நாட்டு முகவரிக்கு மாற்றும்போது வண்டியின் வயதுக்கேற்ப இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும். அந்தத் தொகையை ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டு விலையோடு கூட்டிய பிறகுதான் ஒப்பீடு. விற்பவர் பெயரிலேயே படிவம் 28 வழியாக என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கித் தரச் சொல்லுங்கள். அதற்குச் சேஸிஸ் எண்ணின் மேல் காகிதம் வைத்துத் தேய்த்து எடுக்கும் பென்சில் பிரிண்ட் வேண்டும், சேஸிஸ் எண்ணைச் சரிபார்க்க அது இன்னொரு வாய்ப்பு. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, ஃபைனான்ஸ் இருந்தால் படிவம் 35 மற்றும் வங்கியின் என்.ஓ.சி. வேண்டும். ஓ.டி.பி. ஆர்.சி.யில் பதிவான மொபைலுக்குத்தான் போகும். அந்த நம்பர் இன்னும் அவரிடம் இருக்கிறதா என்பதை அட்வான்ஸுக்கு முன் கேளுங்கள். கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்களைப் புரோக்கர் வைத்திருந்த காலம் போய்விட்டது.

வியாபாரியிடம் வாங்கினால் 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள விதிப்படி அவருக்கு படிவம் 29பி அங்கீகாரச் சான்று இருக்க வேண்டும், வண்டியை அவர் பெற்றுக்கொண்டதற்கு 29சி இருக்க வேண்டும்.

15 வருடம் தாண்டிய காராக இருந்தால் கதை மாறும். படிவம் 25-இல் ஆர்.சி. புதுப்பித்து, இன்ஸ்பெக்டர் நேரில் பார்த்து, ஐந்து வருடம் நீட்டித்திருப்பார்கள். ஓன் போர்டிலேயே இருந்த கார்களில் சோதனைத் தேதி ஒன்று காகிதத்தில் இருப்பது இந்தக் கிழட்டு வண்டிகளுக்குத்தான் என்பது வேடிக்கை. புதுப்பிப்பு இன்னும் நடக்கவில்லை என்றால் அதை முடித்துத் தரும் பொறுப்பை விற்பவரிடமே விடுங்கள். 2022 ஏப்ரலில் காருக்கு அந்தக் கட்டணம் 5,000 ரூபாய் ஆனது, இன்றைய தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள்; அதோடு டிங்கரிங் செலவும் சேரும்.

வண்டி உங்கள் கைக்கு மாறிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். இல்லையென்றால் அடுத்தவர் சேதத்துக்குப் பாலிசி நிற்கும், உங்கள் வண்டிச் சேதத்துக்கு நிற்காது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் விற்பவரின் கணக்கில் இருக்கும். அதை அவர் மூடிய பிறகே உங்களுக்குப் புதியது ஏறும். மீதிப் பணத்தில் ஒரு பகுதியை, தளத்தில் ஓனர் எண் மாறி உங்கள் பெயர் தெரியும் வரை கையில் வைத்துக்கொள்வதாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.